வெளிநடப்புக்குப் பிறகு உட்கார்ந்திருந்தவர்

நகராட்சி மன்றக்கூடத்தின் பார்வையாளர் பெஞ்சு தேக்குமரத்தால் ஆனது. சுவரோடு சுவராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டு கிடக்கும். நெருக்கி உட்கார்ந்தால் இருபது பேர். சாய்மானம் கிடையாது, சுவர்தான் சாய்மானம். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் சாய்ந்து சாய்ந்து, வெள்ளையடித்த சுவரில் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை ஒரு பட்டையாக ஓடியது. ஆனால் அந்தப் பெஞ்சை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அது நிறைந்திருந்த காட்சி அல்ல, காலியாகிப்போன காட்சிதான். அதன் ஒரு கோடியில் ஒரே ஒரு பெண் மட்டும் உட்கார்ந்து குனிந்து எதையோ தேடுகிறார். நான் வாசற்படியில் நின்று, கையை உயர்த்திக் கோஷம் போட்டபடி ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். அப்படிப் போனதற்காக என்மேல் எனக்கு இருக்கிற கோபம் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய நகரம் என்றால் போதும். கட்சியின் பெயரையும் எழுதப்போவதில்லை. எந்தக் கட்சி என்று ஊகிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக ஊகிக்கலாம், எதை நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறு வந்துவிடாது. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வந்து விடுதியில் தங்கியிருந்தேன். வந்த மூன்றாம் மாதமே கட்சியின் மாணவர் அணியில் சேர்ந்துவிட்டேன். கொள்கை பிடித்துச் சேர்ந்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் கையெழுத்தை ஒருவர் புகழ்ந்தார், அதனால் சேர்ந்தேன். கட்சியின் படிப்பகத்து வாசலில் ஆளுயரக் கரும்பலகை ஒன்று இருந்தது. அதில் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஊறவைத்த சாக்பீஸால் நான் எழுதினால் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புகழ்ந்த அந்த ஒருவர்தான் அக்கா. மாணவர் அணியின் துணைச் செயலாளர். என்னைவிட ஒரு வகுப்பு மேலே, பெண்கள் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தில் எங்கள் அணியில் இருந்த ஒரே பெண் அவர்தான், அதனால் ஊர் முழுக்க அவர் ஒருவரே 'அக்கா'. கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மாதா கோயில் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். அக்கா கறிவேப்பிலை நிறத்தில் ஒரு குடை வைத்திருப்பார், வெயில் இல்லாதபோதும் அது கையில் இருக்கும். அவர் கட்சிக்கு வந்ததே தண்ணீருக்காகத்தான். அவர் தெருவில் தறிக்காரர்களும் ஐந்தாறு கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தார்கள். தெருக்கோடியில் நகராட்சிக்குச் சொந்தமான காலி இடம் ஒன்று கிடந்தது. பள்ளிப் படிப்பு முடித்த வருடமே அக்கா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து, அந்த இடத்தில் இரண்டு பொதுக்குழாய் போட வைத்தார். மேட்டூர்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் வரும். குழாய்க்குப் பக்கத்திலேயே பெண்களுக்கு ஒரு கழிப்பிடமும் கட்டினார்கள். அந்தத் தெருவுக்கு இருந்த வசதியெல்லாம் அவ்வளவுதான், அதுவும் அக்கா வாங்கிக் கொடுத்தது.

மாணவர் அணிக்குக் கட்சி கொடுத்த வேலை, மாதாமாதம் நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுங்கட்சி செய்கிற அநியாயங்களைக் கவனித்து வந்து பலகையில் எழுதுவது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. பார்வையாளர்கள் உள்ளே பேனாவோ காகிதமோ கொண்டுபோகக் கூடாது. வாசலில் நிற்கிற டவாலி ஒரு தகரப் பெட்டியை நீட்டுவார், அதில் பேனாவைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எனவே எல்லாவற்றையும் தலையில்தான் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மற்ற எல்லாருக்கும் பாதி மறந்துபோகும். அக்காவுக்கு ஒன்றுகூட மறக்காது. சின்ன வயதில் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் செய்த பழக்கம் என்பார். படிப்பகத்து முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று தீர்மானங்களை வார்த்தை பிசகாமல் சொல்வார். நான் எழுதுவேன். மாலையில் மில் விட்டு வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசிப்பார்கள். பலகையில் வந்தால் உண்மை என்று ஒரு பேச்சே இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் என் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போவேன். அது அக்காவின் ஞாபகத்துக்குக் கிடைத்த மரியாதை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மன்றத்தில் எங்கள் கட்சிக் குழுவின் தலைவரை எல்லாரும் 'அண்ணன்' என்போம். வெள்ளை வேட்டி, இடது தோளில் மடித்த துண்டு, மேசையை ஓங்கித் தட்டினால் தண்ணீர் டம்ளர் துள்ளும். அவர் எழுந்து பேசினால் மொழி, மானம், மாநிலம், மக்கள் எல்லாம் வரும், சாக்கடை மட்டும் வராது. கூட்டம் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்றில் சேர்மனோடு முட்டிக்கொள்வார். "இந்த அநீதியைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறோம்!" என்று முழங்கித் துண்டை உதறித் தோளில் போடுவார். அவர் பின்னால் எங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் எழுவார்கள். அந்தக் கணத்தில் பார்வையாளர் பெஞ்சில் நாங்களும் ஒரே ஆளாக எழுவோம். வாழ்க, ஒழிக என்று கூடம் அதிரக் கத்திக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடி, வாசலில் தயாராக வைத்திருக்கும் மாலையைப் போட்டு, அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவோம். இரண்டு வருடம் இதைச் செய்தோம். ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை. அன்றைய செய்தியின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'நமது உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்.' நான் அதைச் சிவப்பு சாக்பீஸில் எழுதிக் கீழே கோடு போடுவேன்.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. நாங்கள் வெளியே போன பிறகு உள்ளே என்ன நடந்தது? ஒரு கூட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து பொருள் இருக்கும். அண்ணன் ஐந்திலோ ஆறிலோ எழுந்துவிடுவார். மிச்சமெல்லாம் என்னவாயிற்று? கவனிக்க என்றே அனுப்பப்பட்ட நாங்கள், கவனிக்க வேண்டிய நேரத்தில் வாசலில் மாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தோம். இதில் எனக்கு இரட்டை வெட்கம். நான் ஆற்றுப் பாசனக் குடும்பத்துப் பையன். முறைத் தண்ணீர் வருகிற நாளில் என் அப்பா மடையை விட்டு அசையமாட்டார். சோறு மடைக்குத்தான் போகும். நகர்ந்தால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குத் திரும்பிவிடும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருடம் மடையை விட்டு ஓடி, ஓடியதையே வீரம் என்று சிவப்பில் எழுதினேன்.

அந்த மாதக் கூட்டத்தில் அக்காவின் செருப்பு தொலைந்தது. பெஞ்சுக்கு அடியில் கழற்றி வைத்திருந்ததை, நாங்கள் எழுந்து ஓடிய வேகத்தில் எவனோ காலால் எத்திவிட்டான். அவர் குனிந்து தேடினார். அதைத்தான் நான் வாசலிலிருந்து பார்த்தேன். பெண்பிள்ளை, நெரிசல் குறைந்ததும் வருவார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் செருப்பைக் கண்டெடுத்து நிமிர்ந்தபோது டவாலி கதவைச் சாத்திவிட்டார். கூட்டமோ நடந்துகொண்டிருந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பார்வையாளர் பெஞ்சில் வெளிநடப்புக்குப் பிறகும் ஆள் இருக்கும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை.

அன்று மாலை படிப்பகத்துக்கு அவர் வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. நான் வழக்கம்போல் முதல் ஐந்து பொருளையும் எழுதி, கடைசி வரிக்குச் சிவப்பு சாக்பீஸை ஊறப் போட்டிருந்தேன்.

"அத எழுதாத தம்பி. கூட்டம் அதோட முடியல. நீங்கதான் முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டீங்க" என்றார்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாங்கள் போனதும் சேர்மன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். ஆறிலிருந்து கடைசி வரை எண்ணை மட்டும் படித்தார்களாம். எண்ணைப் படிப்பது, மேசையை ஒரு தட்டுத் தட்டுவது, 'நிறைவேறியது' என்பது. ஒரு காப்பி ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்ததாம். நடுவில் பக்கத்துக் கதவு திறந்து அண்ணன் உள்ளே வந்தாராம். நாங்கள் போட்ட மாலையை டவாலி கையில் கொடுத்துவிட்டு, சேர்மன் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டாராம். அந்த நேரத்தில் நாங்கள் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். "கை கழுவிட்டு வாரேன் சாமிகளா" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் பின்பக்கம் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை தொண்டை கட்டக் கத்தினோம். வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதையும் பார்த்தேன்.

பத்தொன்பதாவது பொருள்தான் அக்காவின் தெருக்கோடி. சேர்மன் மேசைமேல் விரித்து வைத்திருந்த வரைபடத்தையும் அதைச் சுற்றி அவர்கள் பேசிக்கொண்டதையும் வைத்து அக்காவுக்கு விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. குழாய்களையும் கழிப்பிடத்தையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தை லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைக்கப் பன்னிரண்டு வருடக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகை எடுப்பவர் அண்ணனுடைய மனைவியின் தம்பி. அதற்கு மட்டும் எதிர்ப்பு உண்டா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்களாம். எதிர்க்க வேண்டியவர்கள் எல்லாரும் வீரமாக வெளிநடப்புச் செய்துவிட்டதால் எதிர்ப்பு இல்லை என்று பதிவாயிற்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொதித்திருக்க வேண்டும். நான் கேட்டது, "சரியாக் கேட்டீங்களாக்கா?" என்று. இரண்டு வருடத்தில் அவரிடம் நான் கேட்காத கேள்வி அது.

"ரெண்டு வருசமா நான் சொன்னதைத்தானே எழுதுன? அவங்களத் திட்டி எழுதறப்ப ஒருநாளாவது இதக் கேட்டியா?" என்றார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் தானே எழுதினார். எழுத்துக் கோர்ப்பவரின் மகளுக்கு எழுத்து அவ்வளவு கோணல். வரி மேலே ஏறியும் கீழே இறங்கியும் போயிற்று. பத்தொன்பதாவது பொருளை எழுதி, குத்தகைக்காரர் யார் என்பதை எழுதி, கடைசியில் இப்படி முடித்தார்: 'எதிர்த்தவர் யாருமில்லை. நம் உறுப்பினர்கள் அப்போது வாசலில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.' மில் ஆட்கள் வந்து வாசித்தார்கள். எப்போதும் வாசித்துவிட்டு ஏதாவது கேலி பேசுகிறவர்கள் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். தெருப் பெண்கள் வாசிக்கத் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிவந்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணன் தனியாக வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபமே படவில்லை. பலகையை முழுக்க நிதானமாக வாசித்தார். இந்த மனுஷனைப் பற்றி எழுதும்போதுகூட என் கை 'வாசித்தார்' என்றுதான் எழுதுகிறது, பழக்கம் அப்படி.

"மேல எழுதுனது நீதானே கண்ணு? முத்து முத்தா இருக்குது. கீழ இருக்கறதை நீ கண்ணுல பாத்தியா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் பாக்காததை எப்படிச் சாமி நம்ம பலகைல ஏற உட்டே? நாலு பேரு படிக்கிற எடமில்லையா இது?"

எவ்வளவு நியாயமான கேள்வி! ஈரத் துணியை எடுத்துத் துடைத்தேன். ஊறவைத்த சாக்பீஸ் ஒரு துடைப்பில் போகாது. மூன்று முறை துணியை அலசித் துடைக்க வேண்டியிருந்தது. மூன்று முறையும் நிறுத்தியிருக்கலாம். துடைத்து முடித்ததும் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'குழாய்களை அகற்றும் பத்தொன்பதாவது தீர்மானத்தைக் கண்டித்து நமது உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்.' சிவப்பில் எழுதினேன், கீழே கோடும் போட்டேன். பார்க்காததை ஏன் எழுதினாய் என்று கேட்டவர், அந்த மூச்சிலேயே நடக்காததை எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். "வர்ற மாசம் பொதுக்கூட்டத்துல நீ பேசறே கண்ணு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்கு நான் சிலிர்த்துப்போனதை இப்போது நினைத்தாலும் முதுகைத் தேய்த்துக் கழுவத் தோன்றுகிறது.

ஊர் என் எழுத்தை நம்பியது. கோணல் எழுத்தை நம்பியவர்கள்கூட அச்சடித்தது போன்ற எழுத்தைப் பார்த்ததும் குழம்பினார்கள். அக்கா ஆளுங்கட்சியின் கையாள் என்றார்கள். சொந்த வீட்டுக் குழாய்க்காகக் கட்சியைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். ஆமாம், சொந்த வீட்டுக் குழாய்தான்! குழாய் பறிபோகிறவள் பேசாமல் வேறு யார் பேசுவது? அவருடைய கல்லூரிக்கும் மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் பெயரில்லாமல் கடிதங்கள் போயின. ஆண்பிள்ளைகள் நடுவே படிப்பகத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் என்று எழுதியிருந்ததாம். இரண்டு வருடம் அவர் சொன்னதை வைத்தே பிழைத்த பலகைக்காரர்கள்தான் எழுதியிருக்க வேண்டும். அது என் கையெழுத்து இல்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் அப்பா படிப்பை நிறுத்தினார். அடுத்த மாதம் குழாய்களைப் பிடுங்கினார்கள். தெருப் பெண்கள் லாரி ஓடும் பெரிய சாலையைத் தாண்டி அக்கரைத் தெருவுக்குக் குடத்தோடு போனார்கள். அந்தத் தெருக்காரர்கள் இவர்களைக் கடைசியாகத்தான் பிடிக்க விட்டார்கள். பொதுக்கூட்டத்தில் நான் பேசினேன். குடிநீர் மக்களின் உரிமை என்று பேசினேன். கைதட்டினார்கள்.

பிறகு மன்றத்தையே கலைத்துவிட்டார்கள். பல வருடம் தேர்தல் இல்லை, ஒரு தனி அதிகாரி நகராட்சியை நடத்தினார். நான் பட்டம் வாங்கி, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, கட்சியிலிருந்து மெல்ல ஒதுங்கினேன். ஒதுங்கியதற்குக் காரணம் மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். திருமணமும் வேலையும்தான் காரணம். எண்பதுகளின் பிற்பகுதியில் மறுபடி தேர்தல் வந்து, மறுபடி மன்றம் கூடத் தொடங்கிய சில மாதங்களில் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தட்டச்சு செய்திருந்தது. அக்கா ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 'எங்கள் தெரு இடத்தின் குத்தகையை நீட்டிக்கும் தீர்மானம் வரும் கூட்டத்தில் வருகிறது. படிக்காமல், ஓட்டு எடுக்காமல் நிறைவேற்றுவார்கள். அதைக் கலெக்டருக்கு எழுதப்போகிறேன். நேரில் பார்த்த சாட்சி இன்னொருவர் வேண்டும். நான் மட்டும் சொன்னால் சொந்த வீட்டுக் குழாய் என்பார்கள். அந்தப் பலகையில் எழுதியவனே வந்து சொன்னால் கேட்பார்கள்.' பழைய கதையைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

போனேன். பெஞ்சு அப்படியே இருந்தது, சுவரின் எண்ணெய்ப் பட்டை மட்டும் இன்னும் அகலமாகியிருந்தது. அக்காவின் தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பக்கத்தில் குடை. பெஞ்சின் மிச்ச இடமெல்லாம் என் பழைய கட்சியின் மாணவர்கள், அரும்புமீசையும் கரைத்துண்டுமாக. நான் அக்காவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஏழாவது பொருள் தம்பி. அதுக்கு முன்னாடி இவங்க எந்திரிப்பாங்க. நீ எந்திரிக்காத."

"நான் கட்சிய உட்டே பல வருசமாச்சுங்க்கா" என்று சிரித்தேன்.

"தெரியும். இருந்தாலும் சொல்றேன்" என்றார்.

அண்ணன் இப்போது மன்றத்தில் இல்லை, கட்சியில் இன்னும் பெரிய இடத்துக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் ஓர் இளைஞர். ஆனால் குரல் அதே குரல், துண்டை உதறுகிற விதமும் அதேதான். மொழி வந்தது, மானம் வந்தது, மாநிலம் வந்தது. பொருள் ஆறு முடிகிற சமயம், "இந்த அநீதியைக் கண்டித்து" என்று அவர் தொடங்கினார். பெஞ்சு மொத்தமும் எழுந்தது. வாழ்க என்றது. என் காதில் விழுந்தது என் குரல். நானும் எழுந்திருந்தேன். என்னை யாரும் இழுக்கவில்லை. கால் தானாக எழுந்தது, கை தானாக உயர்ந்தது. இரண்டு வருடம் பழக்கிய உடம்பு பதினைந்து வருடம் கழித்தும் அந்த வார்த்தைகளுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாசற்படிக்கு வந்த பிறகுதான் எனக்கு உணர்வே வந்தது. திரும்பிப் பார்த்தேன். காலியான பெஞ்சின் கோடியில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்த முறை எதையும் தேடிக் குனியவில்லை. மன்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே திரும்ப முயன்றேன். பின்னால் வந்த மாணவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டார்கள். அவர்களைப் பிளந்துகொண்டு வந்தால் டவாலி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "போனவங்க திரும்ப வரக்கூடாதுங்க" என்றார். கெஞ்சினேன். என் பொருள் உள்ளே இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒருவழியாக விட்டார். நான் போய் உட்கார்ந்தபோது சேர்மன் "பதினொன்று" என்று சொல்லி மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு முடிஞ்சுதுங்களாக்கா?"

"முடிஞ்சுது."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அக்கா டவாலியிடம் விட்டிருந்த பையை வாங்கி, அதிலிருந்து தட்டச்சு செய்த மனுவை எடுத்தார். கீழே சாட்சிகள் என்று இரண்டு கோடு இருந்தது. முதல் கோட்டில் அவர் பெயரை எழுதினார், அதே கோணல் எழுத்து. நான் பேனாவைத் திறந்தேன். "குடுங்க்கா, நான் போடறேன். நீங்க பாத்தீங்க, எனக்கு அது போதும்" என்றேன். மனதாரச் சொன்னேன். அன்று கேட்டிருக்கக் கூடாத கேள்விக்கு இன்றாவது பதில் சொல்லிவிடலாம் என்றிருந்தது.

அவர் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

"நீ பாக்கலியே தம்பி. பாக்காததை நீ ஒருதரம் எழுதுனது போதும்."

கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, பெரிய சாலையைப் பார்த்து நடந்தார். ஒரு சாட்சியோடுதான் மனு போயிருக்கும். பட்டறை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.

இப்போதும் டி.வி.யில் அடிக்கடி வெளிநடப்பு காட்டுகிறார்கள். நகராட்சியோ சட்டமன்றமோ, எல்லாம் அதே மாதிரிதான். எழுகிறார்கள், கத்துகிறார்கள், படியில் நின்று மைக்கில் முழங்குகிறார்கள். கேமராக்காரர்களும் அவர்கள் பின்னாலேயே ஓடிவந்துவிடுகிறார்கள். உள்ளே பொருள் ஏழு என்னவாயிற்று என்று ஒருவனும் காட்டுவதில்லை. நான் சோபாவில் உட்கார்ந்து திட்டுகிறேன். வீட்டில் உள்ளவர்கள் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். நான் திட்டுவது அவர்களை மட்டுமல்ல என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தேக்கு பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம் போட்டுவைத்து ஒருவர் கூப்பிட்டார். நான் போய் உட்காரத்தான் செய்தேன். உட்கார்ந்தே இருக்க வேண்டிய நேரத்தில் எழுந்துவிட்டேன்.